படம் பார்க்கக் கற்பித்தவர்

படம் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் வழியில் நாம் பேசும் பேச்சை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கதை நன்று, பாட்டு சுமார், பிற்பாதி இழுவை. இவ்வளவில் தீர்ப்பு முடிந்துவிடும். சாப்பாட்டுக் கூடத்தை அடைவதற்குள் படமும் மறந்துவிடும். பத்திரிகையில் வரும் விமர்சனமும் பெரும்பாலும் இதே பேச்சுத்தான். அச்சில் வந்திருக்கிறது என்பதொன்றே வேறுபாடு. இப்போதோ ஐந்து நட்சத்திரங்களுள் எத்தனை என்று கைப்பேசியில் தொட்டுக் காட்டினால் போதும், நாமெல்லோருமே விமர்சகர்கள்.

அப்படியானால், திரைப்பட விமர்சகர் என்று தனியே ஒருவர் எதற்கு? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்றவர் ஒருவர் பிரான்சு நாட்டில் இருந்தார். அவர் பெயர் ஆந்திரே பஸான். அவர் வாழ்ந்தது நாற்பது ஆண்டுகள்தாம். ஒரு படமும் எடுக்கவில்லை. படங்களைப் பற்றி எழுதினார், பேசினார், அவ்வளவே. ஆனால் அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுப் படங்களும், அவற்றைப் பார்த்து வளர்ந்த பிற நாட்டுப் படங்களும் வேறாகிவிட்டன.

சினிமா பிறந்தபோதே விமர்சகரும் பிறந்துவிடவில்லை. 1895-இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டத் தொடங்கியபோது, மக்கள் அதை விஞ்ஞானப் புதுமையாகவே பார்த்தார்கள். பிறகு சில ஆண்டுகள் அது திருவிழாக் கொட்டகைக் காட்சி. நாடகத்துக்கும் இசைக்கும் ஓவியத்துக்கும் விமர்சகர்கள் இருந்தார்கள். படத்துக்கு அந்த மதிப்புக் கிட்டவில்லை. இத்தாலியிலிருந்து வந்து பாரிசில் குடியேறிய கனூடோ என்பவர் இதுவும் ஒரு கலையே என்று வாதாடினார். ஏழாவது கலை என்ற பெயர் சினிமாவுக்கு அவரால் வந்தது. லூயி தெல்யூக் என்ற மற்றொருவர் முதல் உலகப் போர்க் காலம் தொட்டு இடைவிடாமல் எழுதி, தாமே படமும் எடுத்து, 1924-இல் முப்பத்துமூன்று வயதில் இறந்தார். இவர்கள் செய்தது வழக்கறிஞர் வேலை. சினிமாவும் கலைதான் என்று அறிஞர் மன்றத்தில் நிலைநாட்டுவதே அன்றைய விமர்சகரின் பணியாக இருந்தது. வழக்கு வென்ற பிறகு என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்லவில்லை. பஸான் தொடங்கியது அந்த இடத்திலிருந்துதான்.

அவர் 1918 ஏப்ரல் 18-ஆம் நாள் ஆஞ்சே என்ற ஊரில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பம் லா ரோஷெல் என்ற துறைமுக நகருக்குப் பெயர்ந்தது. பள்ளிப் பருவத்தில் அவருக்கு விலங்குகளிடமும் புத்தகங்களிடமும் ஒரே அளவு பற்று. ஆசிரியராக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. 1938-இல் ஆசிரியர்களை உருவாக்கும் உயர் கல்லூரியான சேன்-குளூவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே போர் மூண்டது, படையில் சேர்க்கப்பட்டார். பிரான்சு வீழ்ந்தபின் திரும்பிவந்து, 1941-இல் ஆசிரியத் தகுதிக்கான இறுதித் தேர்வுக்கு அமர்ந்தார். எழுத்துத் தேர்வில் சிறப்பாகத் தேறினார். வாய்மொழித் தேர்வில் தோல்வி. காரணம் அறியாமை அன்று, அவருக்குத் திக்குவாய். வகுப்பில் நின்று பேச வேண்டிய பணிக்கு இவர் ஆகமாட்டார் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த நாக்கு மட்டும் ஒத்துழைத்திருந்தால், பிரான்சின் ஏதோ ஒரு சிற்றூருக்கு நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்திருப்பார். கதை அத்துடன் முடிந்திருக்கும். பள்ளிக் கதவு மூடியதும் பஸான் வேறு வகுப்பறைகளைத் தேடிப் போனார்.

அப்போது பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அமெரிக்கப் படங்களுக்குத் தடை. போரால் படிப்புக் குலைந்த மாணவர்களுக்காக இலக்கிய இல்லம் என்ற பெயரில் ஓர் அமைப்பு நடந்துவந்தது. அங்கே பஸானும் நண்பர்களும் 1942-43 குளிர்காலத்தில் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கினார்கள். பழைய படச்சுருள்களைத் தேடி எடுத்துவந்து காட்டுவார்கள். ஆள்வோர் தடைசெய்த படங்களும் அவற்றுள் உண்டு. காட்சி முடிந்ததும் விவாதம். திக்கித் திக்கிப் பேசும் இளைஞர் ஒருவர் எழுந்து, சற்றுமுன் எல்லோரும் பார்த்த காட்சியையே மீண்டும் விளக்குவார். தேர்வாளர்களுக்குப் பொறுமை இல்லாமற் போன அதே பேச்சை, குளிரில் உட்கார்ந்து கேட்க மாணவர்களுக்குப் பொறுமை இருந்தது.

1944-இல் பாரிஸ் விடுதலை அடைந்தது. பஸான் ஒரு பெரிய நாளிதழில் விமர்சகரானார். உழைப்பும் பண்பாடும் என்னும் பொருள்படும் பெயர் கொண்ட இயக்கத்திலும் சேர்ந்தார். அவ்வியக்கத்தின் சார்பில் தொழிற்சாலைகளுக்கும் சங்கங்களுக்கும் சிற்றூர்களுக்கும் படச்சுருளைக் கொண்டுபோய்க் காட்டுவது அவர் வேலை. அவர் அடிக்கடி காட்டிய படம், 1939-இல் மார்செல் கார்னே எடுத்த ‘பொழுது விடிகிறது’. ஒரு தொழிலாளி கொலை செய்துவிட்டு, மாடியறைக்குள் பூட்டிக்கொண்டு, போலீசார் சூழ்ந்திருக்க, இரவு முழுதும் நடந்ததை நினைத்துப் பார்க்கிறான். அவ்வளவே கதை. படம் முடிந்ததும் பஸான் கருத்துக் கேட்கமாட்டார். அந்த அறையில் என்னென்ன பொருள்கள் இருந்தன, எது எங்கே இருந்தது, இசை எப்போது நின்றது என்று கேட்பார். முதலில் கூட்டம் விழிக்கும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். அந்த அறையின் மேசையும் அலமாரியும் அந்த மனிதனின் வாழ்க்கையையே சொல்லிக்கொண்டிருந்தன என்பதும், தாம் பார்த்தும் கவனிக்கவில்லை என்பதும் அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும்.

தீர்ப்புச் சொல்வதன்று, பார்க்கக் கற்பிப்பதே விமர்சகரின் தொழில் என்று அவர் கொண்டிருந்ததை இங்கே காண்கிறோம். உண்மையைத் தட்டில் வைத்து வாசகரிடம் நீட்டுவது தம் வேலையன்று என்றும், படம் உள்ளத்தில் எழுப்பிய அதிர்வு உடனே அடங்கிவிடாமல் நீளச் செய்வதே தம் வேலை என்றும் அவர் எண்ணினார். நம் பத்திரிகைகளுக்கு எழுதுவோர் இதைச் சற்று நினைவிற் கொண்டால் நாளும் நல்ல நாளாகும்!

அவருடைய கொள்கையையும் சிறிது சொல்லியாக வேண்டும். கடினமென்று தாண்டிப் போக வேண்டா. 1945-இல் நிழற்படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எகிப்தியர் இறந்தவர் உடலைப் பதப்படுத்தி வைத்தது, காலத்தை வெல்லும் ஆசையால்; ஓவியமும் சிற்பமும் தோன்றியதற்கும் அந்த ஆசை ஒரு காரணம். ஆனால் ஓவியத்துக்கும் பொருளுக்கும் நடுவில் ஓவியனின் கை நிற்கிறது. நிழற்படத்தில் அந்தக் கை இல்லை. ஒளி தானே தன் சுவட்டைப் பதிக்கிறது. சினிமாவோ அந்தச் சுவட்டுடன் காலத்தையும் பிடித்துவைக்கிறது. ஆகவே சினிமாவுக்கு உலகத்திடம் ஒரு கடன் உண்டு என்பது அவர் முடிவு.

அந்நாளில் அறிஞர்கள் போற்றியது வெட்டி ஒட்டும் படத்தொகுப்பைத்தான். உருசிய நாட்டு மேதைகள் அதைப் பெரிய சாத்திரமாகவே ஆக்கியிருந்தார்கள். ஒரு முகத்தைக் காட்டி, அடுத்து ஒரு தட்டுச் சூப்பைக் காட்டினால் பசி. அதே முகத்துக்கு அடுத்து ஒரு சவப்பெட்டியைக் காட்டினால் துயரம். பஸான் இதன் ஆற்றலை மறுக்கவில்லை. ஆனால் இதில் பார்ப்பவன் என்ன நினைக்க வேண்டும் என்பதை எடுத்தவரே முடிவு செய்துவிடுகிறார். பார்ப்பவனுக்கு வேலையே இல்லை. அதற்கு மாறாக, வெட்டாமல் நீளும் காட்சியையும், அருகும் தொலைவும் ஒருசேர விளங்கும் படப்பிடிப்பையும் அவர் விரும்பினார். பார்ப்பவன் தன் கண்ணைத் தானே செலுத்தட்டும், எது முக்கியம் என்று தானே தேர்ந்துகொள்ளட்டும் என்றார்.

அவர் எடுத்துக்காட்டிய காட்சி ஒன்று. வில்லியம் வைலர் 1941-இல் எடுத்த ‘சின்ன நரிகள்’ என்ற படத்தில் இதய நோயாளியான கணவனுக்கு மாரடைப்பு வருகிறது. மருந்து மாடியில் இருக்கிறது. எடுத்து வரும்படி மனைவியிடம் கேட்கிறான். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் செத்தால் அவளுக்கு ஆதாயம். அவன் தானே எழுந்து, தள்ளாடி, அவளுக்குப் பின்னால் உள்ள மாடிப்படியை நோக்கிப் போகிறான். இங்கே வேறொரு டைரக்டர் என்ன செய்திருப்பார்? படியில் தவழும் கை, வியர்த்த முகம், மருந்துப் புட்டி என்று துண்டு துண்டாகக் காட்டி நம்மைப் பதற வைத்திருப்பார். வைலரின் காமிரா அசையவில்லை. முன்னால் அவள் முகம். பின்னால் தெளிவற்ற உருவமாக அவன் படியில் விழுகிறான். அவள் அசையாதது போலவே காமிராவும் அசைய மறுப்பதால், அந்தக் கொலையில் நாமும் உடந்தையாக உட்கார்ந்திருப்பது போன்ற உணர்ச்சி வருகிறது. இதைப் படித்த பிறகு அக்காட்சியைப் பழைய கண்ணோடு பார்க்க ஒருவராலும் முடியாது.

பெரியவர்களோடு மோதவும் அவர் அஞ்சவில்லை. ஆர்சன் வெல்சின் ‘சிட்டிசன் கேன்’ படத்தை அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்த தத்துவப் பேராசான் சார்த்தர், அது பின்பற்றத் தக்க வழியன்று என்று 1945-இல் எழுதியிருந்தார். சார்த்தர் சொன்னால் பாரிசில் மறுபேச்சு அரிது. பஸான் அப்படத்தின் உத்திகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை வெறும் வித்தையல்ல என்று மறுத்தெழுதினார். அந்த மறுப்பு 1947-இல் சார்த்தரின் சொந்தப் பத்திரிகையிலேயே வெளிவந்தது. இருவருக்கும் பெருமை தரும் செய்தி இது.

இத்தாலியில் போருக்குப்பின் எழுந்த புதிய படங்களை அவர் இரு கைகளாலும் வரவேற்றார். டிசீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தில் நாயகனாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும்; சைக்கிள் திருடு போகிறது; தந்தையும் மகனும் உரோமாபுரியின் தெருக்களில் தேடுகிறார்கள். நடிகர் இல்லை, ஜோடித்த அரங்கு இல்லை, சூழ்ச்சிப் பின்னல் இல்லை; இத்தனையும் இல்லாமல் முழுமையான சினிமா வந்துவிட்டது என்று 1949-இல் பஸான் எழுதினார். சிறுவன் தந்தைக்குப் பக்கத்தில் நடக்கும் நடையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எழுதியிருக்கும் பகுதி ஒன்றே போதும். அதற்கு அடுத்த ஆண்டு, 1950-இல், இலண்டனில் இதே படத்தைப் பார்த்து, தாம் எப்படிப் படம் எடுக்க வேண்டும் என்பதைத் தெளிந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சத்யஜித் ரே. ஒரே படம் பாரிசில் ஒரு விமர்சகரையும், கல்கத்தாவிலிருந்து சென்ற ஓர் ஓவியரையும் ஒரே திசையில் திருப்பியது.

1950-இல் அவருக்குப் பெரிய சோதனை வந்தது. அன்றைய சோவியத் படங்களில் ஸ்டாலின் காட்டப்படும் முறையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். உயிரோடிருக்கும் ஒரு மனிதரைத் தவறே செய்யாதவராகவும், எல்லாம் அறிந்தவராகவும், வரலாற்றின் உருவமாகவும் திரையில் நிறுத்துவது, உயிரோடேயே அவரைப் பதப்படுத்திய பிணமாக்குவது போலாகும் என்பது அதன் கருத்து. பஸான் இடதுசாரிகளின் எதிரி அல்லர். அவர் உழைத்த தொழிலாளர் இயக்கத்தில் பொதுவுடைமையரின் செல்வாக்கே மிகுதி. நண்பர்கள் பலர் அக்கட்சியினர். கட்டுரை வந்ததும் கண்டனம் பொழிந்தது. பழைய நட்புகள் முறிந்தன. அவர் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1956-இல், குருஷ்சேவ் தம் இரகசிய உரையில் ஸ்டாலின் துதியைக் கண்டித்தபோது, ‘பெர்லினின் வீழ்ச்சி’ போன்ற படங்களையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். அதற்காகப் பஸானிடம் வந்து வருத்தம் சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட வேண்டுவதில்லை.

அதே ஆண்டு காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பல மாதங்கள் மருத்துவ விடுதியில் கழிந்தன. 1951 ஏப்ரலில் அவரும் தொனியோல்-வல்குரோசும் லோ தூக்காவும் சேர்ந்து தொடங்கிய ‘கையே து சினிமா’ என்ற மாத இதழ் வெளிவந்தது. மஞ்சள் அட்டை போட்ட சிறிய இதழ். அதில் எழுத வந்த இளைஞர்கள் கொதார், ரிவெத், ஷப்ரோல், ரோமர், த்ரூஃபோ. பிறகு உலகம் புதிய அலை என்று அழைத்தது இவர்களைத்தான்.

இவர்களுள் த்ரூஃபோவின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். 1948-இல் பதினாறு வயதுப் பையன் அவன், படிப்பை விட்டவன், சொந்தமாகத் திரைப்படக் கழகம் நடத்துகிறான். தன் காட்சியும் பஸானின் கழகக் காட்சியும் ஒரே நேரத்தில் வருவதால் கூட்டம் குறைகிறது. ஆகவே உங்கள் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்க நேரே பஸானிடம் வந்தான். இப்படித்தான் பழக்கம் உண்டாயிற்று. சில நாட்களில் அவனுடைய கழகத்துக்குக் கடன் முற்றியது. தந்தையே அவனைப் போலீசில் ஒப்படைக்க, அவன் சிறுவர் காப்பகத்துக்குப் போனான். பஸான் பொறுப்பேற்று அவனை 1949-இல் வெளியே கொண்டுவந்தார்; தமக்கு உதவியாளனாக வைத்துக்கொண்டார். பின்னர் அவன் மனக்கசப்பில் படையில் சேர்ந்து, இந்தோசீனாவுக்கு அனுப்பப்படும் வேளையில் ஓடிப்போய், இராணுவச் சிறையில் கிடந்தான். அப்போதும் பஸானே எழுதியும் அலைந்தும் மீட்டார். 1952-இல் வெளியே வந்தவனைப் பஸானும் அவர் மனைவி ஜனீனும் பாரிசை அடுத்த தங்கள் வீட்டில், மாடியறையில் குடிவைத்தார்கள். பஸானுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது, சம்பாத்தியம் எழுத்திலிருந்து வருவது, உடம்பில் நோய்.

வளர்த்த பிள்ளை வளர்த்தவரையே மீறிப் பாய்ந்தது. பிரான்சின் மதிப்புப் பெற்ற இயக்குநர்களையும் கதாசிரியர்களையும் தாக்கி த்ரூஃபோ எழுதிய கட்டுரையை வெளியிடப் பஸானும் தோழர்களும் நெடுநாள் தயங்கினார்கள். கடைசியில் 1954 சனவரியில் வெளியிட்டார்கள். அது முதல் இதழின் குரலே மாறியது. படத்தின் உண்மையான ஆசிரியன் இயக்குநனே. பெரிய இயக்குநனின் தோல்வியும் சிறியவனின் வெற்றியைக் காட்டிலும் மேல் என்று இளைஞர்கள் முழங்கினார்கள். ஒரு படத்தை யார் மிகவும் விரும்புகிறாரோ அவரே அதைப் பற்றி எழுதுவது என்பதும் இதழில் வழக்கமாயிற்று. நல்ல வழக்கம்தான், ஆனால் விரும்பிய இயக்குநரின் குறைகள் எவர் கண்ணிலும் படாமற் போகும்.

பஸானுக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1957-இல் அதே இதழில் அவர் தம் மாணவர்களை மறுத்து எழுதினார். தனிமனிதனின் மேதைமை உண்மையே. ஆனால் அவன் பிறந்த காலமும், தொழில் நடக்கும் முறையும், வழிவழி வந்த கதை வகைகளும் அவனோடு சேர்ந்துதான் படத்தைச் செய்கின்றன. ஆளை வழிபட்டால் படத்தைப் பார்க்க மறந்துவிடுவோம் என்று எச்சரித்தார். வசையின்றி, ஏளனமின்றி, அவர்கள் வாதத்தை அவர்களைக் காட்டிலும் நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுக்கும் கட்டுரை அது. இரண்டு கட்சிகளையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெற்றி உலகத்தில் மாணவர்களுக்கு; வாதத்தில் ஆசானுக்கு.

1954-இலேயே அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. எழுத்து நிற்கவில்லை. கொட்டகைக்குப் போக முடியாத நாட்களில் வீட்டிலிருந்தே தொலைக்காட்சி பார்த்து அதைப் பற்றி எழுதினார். பிற விமர்சகர்கள் அப்பெட்டியை இகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பஞ்சமில்லை. 1954-இல் பிரேசிலுக்குத் திரைப்பட விழாவுக்குப் போனவர் ஒரு கிளியை வாங்கி வந்தார். கிளியைக் கொண்டுவந்து சேர்ப்பதில் பட்ட பாட்டை ஒரு வேடிக்கைக் கட்டுரையாகவே எழுதினார். அவர் பெரிதும் போற்றிய இயக்குநர் ழான் ரென்வார். வங்காளத்தில் ஆற்றங்கரையில் ரென்வார் படம்பிடித்து 1951-இல் வெளியிட்ட ‘நதி’ படத்தைப் பலர் வெறும் அழகுக் காட்சி என்று ஒதுக்கினர். பஸான் மிக உயர்வாக எழுதினார். ரென்வாரைப் பற்றி முழு நூலொன்று எழுதத் தொடங்கினார். சேந்தோஞ்சு வட்டாரத்துப் பழைய தேவாலயங்களைப் பற்றிச் சிறு படமொன்று தாமே எடுக்கவும் எண்ணி, இடங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்தார். இரண்டும் முடியவில்லை.

1958-இல் கான் திரைப்பட விழாவுக்கு த்ரூஃபோ வரக்கூடாதென்று விழாக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். அத்தனை கடுமையாக அவர் எழுதியிருந்தார். அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் நாள் த்ரூஃபோ தம் முதல் பெரிய படத்தின் படப்பிடிப்பைத் தொடங்கினார். வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாமல் காப்பகத்துக்குப் போகும் ஒரு சிறுவனின் கதை. யாருடைய கதை என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் வேலை முடிந்ததும் பஸானின் வீட்டுக்கு விரைந்தார். அன்றிரவு, 11-ஆம் நாள் பிறந்த பின், பஸான் உயிர் நீத்தார்.

‘நானூறு அடிகள்’ என்ற அந்தப் படம் அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டு, 1959-இல் அதே கான் விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. கிளிக் கட்டுரை அவ்வாண்டு சனவரி இதழில் வந்தது. ‘சினிமா என்பது யாது’ என்ற தலைப்பில் அவருடைய தேர்ந்த கட்டுரைகள் 1958 முதல் 1962 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. ரென்வார் நூலை த்ரூஃபோ நண்பர்களுடன் சேர்ந்து ஒழுங்கு செய்து 1971-இல் வெளியிட்டார். அவர் எழுதியவை அனைத்தையும் திரட்டியபோது ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு கட்டுரைகள் தேறின. அவை 2018-இல்தான் முழுத் தொகுப்பாக அச்சேறின. பெரும்பாலானவை அடுத்த நாள் காலையில் ஒருவர் பார்க்கப் போகும் படத்தைப் பற்றி, நாளிதழின் ஒரு பத்திக்காக முந்திய இரவு எழுதப்பட்டவை.